முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க விளையாட்டு

தையல் மெஷினுக்கு அடியில் சின்னதாக ஒரு நூல் உருளை இருக்கும். அதற்குப் பாபின் என்று பெயர். அந்தப் பெயரை மகளுக்கு வைத்தவர் அவளுடைய அப்பா. அவர் தையல்காரர்.

"ஆள் இத்தனூண்டு. ஆனா இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருக்கும்," என்பார். அவர் சொல்வது அவளுடைய பேச்சை.

பாபினுக்குப் பதினொரு வயது. அவளுடைய சித்தப்பா கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். அவர் வீடு மாறியபோது வேண்டாத சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு அவளிடம் கொடுத்தார். அதில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று கெட்டி அட்டை போட்டது. அட்டையில் ஒரு ட்ராகன் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இன்னொன்று எட்டே பக்கம். நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தது.

"இது என்ன சித்தப்பா?"

"ரெண்டுமே கதை விளையாட்டோட ரூல்ஸ். ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கணும். திருடன், வீரன், மந்திரவாதி, எது வேணா. 'இப்ப நீ என்ன பண்றே'ன்னு கதை சொல்றவர் கேட்பார். நீ சொல்லணும். நீ சொன்னது நடக்குமா நடக்காதான்னு பகடை உருட்டிப் பார்க்கணும்."

"எது நல்லா இருக்கும்?"

"யாருக்குத் தெரியும். பெரிசை நான் ஜன்னல் அடிச்சுக்காம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருந்தேன்," என்றார் சித்தப்பா.

பாபின் யோசிக்கவே இல்லை. ட்ராகன் இருக்கும்போது எட்டுப் பக்கத்தை யார் தொடுவார்கள்? பெரிய புத்தகத்தை நான்கு நாட்கள் உட்கார்ந்து படித்தாள். பாதி புரிந்தது. மீதியை விளையாடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

விளையாட மூன்று பேர் கிடைத்தார்கள். மூவரும் அதே கட்டடத்தில் இருப்பவர்கள்தான்.

முதல் ஆள் கணக்கு. எதைப் பார்த்தாலும் எண்ணுவான். கட்டடத்தில் மொத்தம் அறுபத்தெட்டுப் படிகள் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பது அவனால்தான். அடுத்தவள் புயல். அவள் வந்து சேர்வதற்கு முன்பே கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். மூன்றாமவன் மாடி. இரண்டு மாதம் முன்புதான் அவன் குடும்பம் குடிவந்தது. பெயர் தெரியும்வரை எல்லாரும் "மூணாவது மாடிப் பையன்" என்றார்கள். பெயர் தெரிந்த பிறகும் அது "மாடி" என்று சுருங்கியதே தவிர, போகவில்லை. மற்ற மூவரும் ஒரே பள்ளி. அவன் மட்டும் வேறு பள்ளி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவின் கடை மூடியிருக்கும். துணி வெட்டும் மேசை காலியாக இருக்கும். ஏழு அடி நீளம். நான்கு பேர் சுற்றி உட்கார அதைவிட நல்ல மேசை அந்தத் தெருவிலேயே கிடையாது.

"அஞ்சு மணி வரைக்கும்தான்," என்றார் அப்பா. "அஞ்சு மணிக்கு ஒருத்தர் கோட்டுக்கு அளவு பார்க்க வர்றார். சாக்குக்கட்டியால மேசை மேல கோடு போடக் கூடாது. கத்தரிக்கோலைத் தொடக் கூடாது."

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். முதலில் ஆளுக்கொரு சீட்டு நிரப்ப வேண்டும். அதில் நாற்பத்திரண்டு கட்டங்கள். பலம், வேகம், பார்வைக்கூர்மை, இணக்கம், மனஉறுதி என்று ஒவ்வொன்றுக்கும் பகடை உருட்டி, கூட்டி, கழித்து, எண் எழுத வேண்டும்.

கணக்குக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. தன் சீட்டை முடித்துவிட்டுப் புயலின் சீட்டையும் பிடுங்கிக் கூட்டினான். புயல் நாற்காலியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சா? இப்பவாவது ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாடி தன் சீட்டைக் கையால் மறைத்தபடி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஜோக் சொன்னான்.

"உன் ஆளுக்கு என்ன பேர் எழுதியிருக்கே?" என்று பாபின் கேட்டாள்.

"இன்னும் வைக்கலை. அவங்க அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுட்டு இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

ஒருவழியாகப் பாபின் கதையைத் தொடங்கினாள். ஒரு பாலம். பாலத்தின் நடுவில் ஈட்டியோடு ஒரு காவல்காரர். யாரையும் விடமாட்டேன் என்கிறார்.

"வெட்டறேன்," என்றாள் புயல்.

வாள் வீசுவதற்கான விதி எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. ஈட்டியைத் தடுப்பதற்கானது நூற்றுமுப்பதில். பாபின் இரண்டு பக்கத்துக்கும் விரல் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தபோது மாடி கேட்டான். "அந்தக் காவல்காரர் எப்பலேருந்து நிக்கிறார்?"

"காலையிலேருந்து."

"அப்ப கால் வலிக்குமே. புது பூட்ஸா இருந்தா கடிச்சிருக்கும். நான் பாலத்துல உட்கார்றேன். 'அண்ணே, பூட்ஸைக் கழட்டிட்டுக் காலைக் கொஞ்சம் காட்டுங்க, என்கிட்ட மருந்து இருக்கு'ன்னு சொல்றேன்."

புயல் நேராக உட்கார்ந்தாள். கணக்கு பென்சிலைக் கீழே வைத்தான். அன்று மதியம் முதல் முறையாக எல்லாருக்கும் அந்தப் பாலம் கண்ணுக்குத் தெரிந்தது.

"சூப்பர்," என்றாள் பாபின். "இதுக்கு இணக்கம்னு ஒரு எண் வேணும். உன் சீட்டுல எவ்வளவு இருக்குன்னு பாரு."

மாடி சீட்டைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"கண்ணுல தூசி விழுந்துடுச்சு," என்றான்.

"அங்கதான்டா இருக்கு. இருபத்தெட்டாவது கட்டம்," என்றான் கணக்கு.

"சீக்கிரம் பாருடா," என்றாள் புயல். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கியா?"

மாடியின் காது சிவந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "போர் அடிக்குது. அந்தாளுக்குக் கால் எப்படிப் போனா எனக்கென்ன," என்று எழுந்தான். கடைக் கதவு அவன் பின்னால் மெதுவாக மூடிக்கொண்டது.

"நான் சும்மாதான் சொன்னேன்," என்றாள் புயல்.

"மூணு பேர் இருந்தாலும் விளையாடலாம். ரூல்ஸ்ல இருக்கு," என்றான் கணக்கு.

விளையாடிப் பார்த்தார்கள். புயல் காவல்காரரை வெட்டினாள். அதற்கு இருபது நிமிடம் ஆனது. பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலரை மணிக்கே கலைந்துபோனார்கள்.

மேசையைத் துடைக்கும்போது பாபின் மாடியின் சீட்டை எடுத்துப் பார்த்தாள். கட்டங்களில் எண்கள் மட்டும் இருந்தன. எது எதற்கான எண் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. காலியாக விட வேண்டிய கட்டங்களைக்கூட விடாமல் மேலிருந்து கீழே வரிசையாக நிரப்பியிருந்தான். பெயர் எழுதும் இடத்தில் ஏதோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்து, தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. ஆனால் ஓரம் முழுக்கப் படங்கள். ஒரு கயிற்றுச் சுருள். ஒரு விளக்கு. மூடி போட்ட சின்ன மருந்துப் புட்டி. நாடா அவிழ்ந்த ஒரு ஜோடி பூட்ஸ். அந்தப் பூட்ஸைப் பார்த்தாலே கால் வலித்தது.

போன வாரம் நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. குழாய் வேலை நடப்பதால் தண்ணீர் மாலை ஆறு மணிக்குத்தான் வரும் என்று படிக்கட்டுக்குக் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு, "தண்ணி எப்ப வரும், தெரியுமா?" என்று மாடி அவளிடம் கேட்டான். "கண்ணு முன்னாடியே ஒட்டியிருக்கே," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள்.

பாபின் நாற்காலியில் உட்கார்ந்தாள். உனக்குப் படிக்க வராதா என்று அவனிடம் கேட்கலாமா? அந்தக் கேள்வியை மனத்துக்குள் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நான்கும் நன்றாக இல்லை.

கேள்வியை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டியிலிருந்து எட்டுப் பக்கப் புத்தகத்தை எடுத்தாள்.

படித்து முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நாற்பத்திரண்டு கட்டங்களெல்லாம் அதில் கிடையாது. உன் ஆளுக்கு நன்றாக வரும் விஷயங்கள் மூன்று. கையில் இருக்கும் பொருட்கள் மூன்று. அவ்வளவுதான். ஏதாவது செய்யும்போது ஒரே ஒரு பகடையை உருட்ட வேண்டும். ஐந்து அல்லது ஆறு விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்று, நான்கு என்றால் நடக்கும், கூடவே ஒரு தொல்லையும் வரும். இரண்டு என்றால் நடக்காது. ஒன்று விழுந்தால் ஆட்டத்தை விட்டு வெளியே.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அப்பாவிடம் போனாள். அவர் ஒரு பேண்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு அஞ்சு நிமிஷம் விளையாட வர்றீங்களா? வேலையை நிறுத்த வேண்டாம்."

"நான் யாரு?"

"நீங்களே சொல்லுங்க."

"தையல்காரன்."

"வேற ஏதாவது ஆகலாம்ப்பா."

"வேற வேலை தெரியாதே."

"சரி. நீங்க ஒரு குகைக்குள்ள போறீங்க. உள்ள ஒரு ட்ராகன் தூங்குது. என்ன பண்றீங்க?"

அப்பா நூலைக் கடித்துத் துண்டித்தார். "அளவெடுக்கிறேன்."

"ட்ராகனையா?"

"தூங்கும்போதுதான் எடுக்க முடியும். முழிச்சா நெளியும்."

பகடையில் நான்கு விழுந்தது. "எடுத்துட்டீங்க. ஆனா கழுத்துக்கே டேப் முடிஞ்சுபோச்சு," என்றாள் பாபின்.

அப்பா மெஷினை நிறுத்தினார். "அப்ப முடிச்சுப் போட்டுப் போட்டுத்தான் அளக்கணும். முதுகு மேல ஏறுறேன்."

பகடையில் ஒன்று விழுந்தது. பாபின் புத்தகத்தைப் பார்த்தாள். "நீங்க அவுட்டுப்பா."

"அவ்வளவுதானா? இப்பதானே கழுத்து முடிஞ்சுது," என்றார் அப்பா. அவர் முகம் தொங்கிப்போனது. மறுபடி தைக்கத் தொடங்கியவர், ஒரு நிமிடம் கழித்துக் கேட்டார். "நான் அவுட்டு சரி. ட்ராகன் முழிச்சுதா இல்லையா?"

பாபினுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துபோயின. இந்த ரூல்ஸ் போதும். ஆனால் அந்த ஒன்று விழுகிற விதி மட்டும் சரியில்லை.

இன்னும் ஒன்று மீதி இருந்தது. மூன்று திறமை, மூன்று பொருள் என்றாலும் அவற்றை எழுதத்தானே வேண்டும்? எழுதாவிட்டால் என்ன என்று யோசித்தாள். சட்டைக்காலருக்குள் வைக்கும் கெட்டி அட்டையில் மிஞ்சிய துண்டுகள் கடையில் நிறைய கிடந்தன. அவற்றைச் சின்னச் சின்ன சீட்டுகளாக வெட்டித் தரச்சொல்லி அப்பாவிடம் வாங்கினாள். ஒன்றில் குதிரை வரைந்தாள்.

"இது என்ன, இஸ்திரிப் பெட்டியா?" என்று கேட்டார் அப்பா.

பாபின் அட்டைகளையும் எட்டுப் பக்கப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள்.

மாடிதான் கதவைத் திறந்தான். "நான் இனிமே விளையாட வரலை."

"கூப்பிட வரலை. ஒரு வேலை இருக்கு." அட்டையை நீட்டினாள். "இது என்னன்னு சொல்லு."

மாடி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "நாலு காலு இருக்கு. மேசையா?"

"குதிரை."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்தப் பெரிய புத்தகத்தை விட்டுட்டேன்," என்றாள் பாபின். "எனக்கு அதுல பாதி புரியவே இல்லை. புரிஞ்சதும் ஞாபகம் இருக்க மாட்டேங்குது. நான் பக்கத்தைத் தேடறதுக்குள்ள காவல்காரர் ரிட்டயர் ஆயிடுவார். இப்ப இருக்கிறது சின்ன ரூல்ஸ். அதுக்குப் படம் போட்ட சீட்டு வேணும். எனக்கு வரைய வராது. நீ உன் சீட்டு ஓரத்துல வரைஞ்சிருந்ததைப் பார்த்தேன்."

மாடி அந்தக் குதிரையை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்தான். இருவரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். குதிரை, கயிறு, ஏணி. நன்றாகப் பேசுகிறவருக்கு ஒரு வாய். சத்தமில்லாமல் நடக்கிறவருக்குப் பூனைப் பாதம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் வந்தது.

"பேர் எங்க எழுதணும்?" என்று கேட்டான், பார்வையை அட்டையிலிருந்து எடுக்காமல்.

"எதுக்கு? பார்த்தாலே தெரியுதே."

மாடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பாபின் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றான் அவன். அடுத்த அட்டையை எடுத்தான்.

ஒன்று விழுந்தால் வெளியே போக வேண்டும் என்ற விதியை அவள் சொன்னபோது, அவன் வரைவதை நிறுத்தினான். "வெளியே போனவன் என்ன பண்ணுவான்? மத்தவங்க வாயைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பானா?"

"அதான் எனக்கும் பிடிக்கலை. வேற என்ன பண்ணலாம்?"

"ஒண்ணு விழுந்தா பெரிய தொல்லை. ஆனா என்ன தொல்லைன்னு உருட்டினவனே சொல்லட்டும். அவனுக்கு வந்த கஷ்டம், அவனே முடிவு பண்ணட்டும்."

பாபின் துருப்பிடித்த பின்னுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வரியை அடித்துவிட்டு, மேலே மாடி சொன்னதை எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சீட்டுகளைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் ஆனது.

"இதுல கூட்டல் கழித்தலே இல்லையே," என்றான் கணக்கு. அவன் முகம் வாடிவிட்டது.

இதைப் பாபின் எதிர்பார்த்திருந்தாள். அப்பாவின் பட்டன் டப்பாவை அவன் முன்னால் வைத்தாள். "எல்லாருக்கும் பொதுவா இருபது பட்டன். ஒண்ணு கொடுத்தா ஒரு தடவை மறுபடி உருட்டலாம். நல்லா கதை சொன்னா ஒண்ணு திரும்ப வரும். பொக்கிஷக் காப்பாளர் நீதான். எத்தனை இருக்கு, யாருக்கு எத்தனை போச்சு, எல்லாம் உன் பொறுப்பு." கணக்கு உடனே பட்டன்களை நிறம் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

புயலுக்காகவும் ஒரு விதி செய்திருந்தாள். கையில் அங்குஸ்தான் இருப்பவர் மட்டும்தான் பேசலாம். ஊசி குத்தாமல் இருக்க அப்பா விரலில் மாட்டிக்கொள்ளும் தொப்பிதான் அங்குஸ்தான். அதைப் புயல் முதலில் வாங்கிக் கட்டைவிரலில் அழுத்தி மாட்டினாள். மாட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. சோப்பு போட்டு எடுக்க அப்பாவுக்குக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் ஒருத்தியே பேசினாள், விதிப்படி. அந்த விதியை அன்றே எடுத்துவிட்டார்கள்.

கதை ஓடியது. கடலில் ஒரு தீவு. தீவில் ஒரு பாழடைந்த கலங்கரை விளக்கம். புயல் ஏணியில் ஏறினாள், ஒன்று விழுந்தது. "ஏணி உடையுது. நான் கீழே விழறேன். விழற இடத்துல தேன்கூடு இருக்கு," என்று அவளே சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். கயிறு போட்டு உச்சிக்கு ஏறிய மாடி, அங்கே ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்தான்.

"இரு," என்றான் கணக்கு. "பெட்டியைத் திறந்தா கொடுக்கிறதுக்கு நானே ஒண்ணு பண்ணிக் கொண்டுவந்திருக்கேன். பாபினுக்குக்கூடச் சொல்லலை." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். டீயில் நனைத்துக் காயவைத்த தாள். ஓரமெல்லாம் கிழித்திருந்தான். முழுக்க எழுத்து. "கப்பல் தலைவனோட கடிதம். பெட்டியைத் திறந்தவன்தான் சத்தமா படிக்கணும்." அதை மாடியின் கையில் கொடுத்தான்.

பாபின் பகடையைக் கீழே வைத்தாள். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். இழுக்க இழுக்க வரும் பேச்சு, அன்று அறுந்த நூல் மாதிரி நின்றுபோனது.

மாடி தாளைப் பார்த்தான். அவன் காது மறுபடி சிவக்க ஆரம்பித்தது. கண்ணில் தூசி என்று சொல்லப்போகிறான் என்று பாபின் நினைத்தாள். அவன் தாளை மேசைமேல் வைத்து, கையால் நீவிவிட்டான்.

"எனக்கு எழுத்து மெதுவாத்தான் வரும்," என்றான். "எல்லாம் இடம் மாறி நிக்கிற மாதிரி தெரியும். ஸ்கூல்ல அதுக்குன்னு ஒரு டீச்சர் சொல்லிக்கொடுக்கிறாங்க. இதைப் படிக்க நேரமாகும்."

புயல் சோப்பு வாசம் வீசும் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"பத்து நிமிஷம்."

"அஞ்சு மணிக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் இருக்கு," என்றாள் புயல். பிறகு, "அன்னைக்கு நான் சொன்னது... தெரியாம சொல்லிட்டேன்டா," என்றாள்.

"தெரியும்," என்றான் மாடி.

அவன் விரல் வைத்துப் படித்தான். "க... கதவை... வட... வடக்கே..." இரண்டு வரிகள் வந்தன. மூவரும் மேசைமேல் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தார்கள். புயல்கூட அசையவில்லை. மூன்றாவது வரியில் அவன் நின்றான். தாளைக் கண்ணருகே கொண்டுபோனான். தூரத்தில் வைத்துப் பார்த்தான்.

"இது என்ன எழுத்து?" என்று கணக்கிடம் காட்டினான்.

கணக்கு பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "நான்தான் எழுதினேன்," என்றான் மெதுவாக. "ஆனா என்ன எழுதினேன்னு எனக்கே தெரியலை."

நான்கு பேரும் சேர்ந்து அந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. கப்பல் தலைவனின் கையெழுத்து இவ்வளவு மோசமாக இருந்ததால்தான் கப்பலே வழி தவறி மூழ்கியது என்று மாடி சொன்னான். அதற்கு இரண்டு பட்டன் கொடுக்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ரூல்ஸில் ஏதாவது மாறியது. சிலவற்றைச் சேர்த்தார்கள், பலவற்றை அடித்தார்கள். எட்டுப் பக்கம் ஒரு பக்கமாகியது. கடிதமோ பலகையோ வந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் கடைசியாகச் சேர்ந்த விதி. அதைச் சொன்னவள் புயல்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை மாடி புதிதாக வரைந்த சீட்டுக் கட்டு ஒன்றோடு வந்தான். நேராகப் போய்ப் பாபினின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு நான் கதை சொல்லட்டுமா? புத்தகம் எதுவும் வேண்டாம். எல்லாம் மனசுல இருக்கு."

"நான்?" என்றாள் பாபின்.

"நீ விளையாடு."

அவள் ஒருநாளும் வேஷம் எடுத்து விளையாடியதில்லை. மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மூன்று சீட்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். பகடை கைக்கு வந்தபோது இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"ஒரு கதவு இருக்கு," என்று ஆரம்பித்தான் மாடி, குரலைத் தாழ்த்தி. "உள்ளே யாரோ இருமுறாங்க. நீ என்ன பண்றே?"

பாபின் வாயை மூடிக்கொண்டு, இருமல் இன்னொரு முறை கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.